அண்ணன் ஒரு பள்ளியில், தங்கை இன்னொரு பள்ளியில்

ஒரே நிர்வாகம் நடத்தும் பல பள்ளிகளுக்கும் சேர்த்துக் குழந்தைப் பாதுகாப்பைக் கவனிப்பது என் வேலை. இதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் சிசிடிவி, உயரமான சுவர், வாசலில் அடையாள அட்டை என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளுக்கு நேரும் கொடுமைகளில் பெரும்பகுதி சுவர் ஏறிக் குதித்து வரும் அந்நியரால் நடப்பதில்லை. வீட்டில் இருப்பவர், உறவினர், குடும்பத்தோடு நன்கு பழகியவர், சில சமயம் பள்ளியிலேயே சம்பளம் வாங்குபவர். கேமரா இவர்களை நாள் முழுக்கப் படம் பிடிக்கும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் நாள் முழுக்கப் புழங்குவது தகவலோடுதான். யாருக்கு என்ன தெரியும், அதை யாரிடம் சொன்னார்கள், எங்கே வந்து அது நின்றுபோனது என்பதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பல பள்ளிகள் ஒரே குடையின்கீழ் இருப்பதால், தனிப் பள்ளி ஒன்றுக்குத் தெரியவே வாய்ப்பில்லாத விஷயங்கள் எங்களுக்குத் தெரியவரும். அதே காரணத்தால், தனிப் பள்ளியால் மறைக்க முடியாததை எங்களால் சுலபமாக மறைத்துவிடவும் முடியும். இந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் முதல் பாதி. அடையாளங்களை மாற்றி, பல குடும்பங்களில் பார்த்தவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன். அண்ணன் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. தாமதமாக வருகிறான், முதல் பாடவேளையில் தூங்குகிறான். ‘பொறுப்பில்லாத பையன்’ என்று அவனைப் பற்றிக் குறிப்பு. தங்கை தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டில் பாதியை டப்பாவிலேயே மிச்சம் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். ‘சரியாகச் சாப்பிடுவதில்லை’ என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கடைக்குட்டி மழலையர் பிரிவில். வாரக் கடைசியானால் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுகை. ‘பள்ளி மிகவும் பிடித்துப்போய்விட்டது’ என்று அங்கே சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று ஆசிரியர்களும் நல்லவர்கள். மூவரும் கவனித்திருக்கிறார்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் பதறுவதற்கு ஒன்றுமில்லை. மூன்று குறிப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால்தான், இரவெல்லாம் சின்னவர்களைப் பார்த்துக்கொள்வது அந்தப் பதினான்கு வயதுப் பையன் என்பதும், தங்கை எடுத்துப்போகும் சோறு யாருக்கு என்பதும், வாரக் கடைசியில் அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது என்பதும் உறைக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மூவரும் உடன்பிறந்தவர்கள் என்பது நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் தங்கைக்குக் கட்டணச் சலுகை தருவதற்காகக் கணக்குப் பிரிவில் அந்தப் பட்டியல் எப்போதும் தயாராக இருக்கும். வகுப்பாசிரியர் கையில்தான் அது இருக்காது. நிர்வாகக் கூட்டங்களில் பாதுகாப்புக்காகப் புதிய மென்பொருள் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், முதலில் கணக்குப் பிரிவிடம் அந்தப் பட்டியலை வாங்குங்கள் என்று சொல்வது என் வழக்கம்.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா க்ளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி இறந்துபோனாள். ஐவரி கோஸ்ட்டில் இருந்த பெற்றோர், மகளுக்கு நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பிப் பாட்டி முறை உறவுக்காரப் பெண் ஒருவரோடு அனுப்பிவைத்த குழந்தை. அந்தப் பெண்ணும் அவரோடு வாழ்ந்த ஆணும் சேர்ந்து கொடுமைப்படுத்திக் கொன்றார்கள். பிரேதப் பரிசோதனையில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. லார்ட் லேமிங் நடத்திய விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வந்தது. சமூக சேவைத் துறைகள், இரண்டு மருத்துவமனைகள், காவல்துறை என்று பல இடங்களில் அவளைப் பார்த்திருக்கிறார்கள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்களை அந்த விசாரணை அடையாளம் காட்டியது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டுத் தகவல் இருந்தது. துண்டுகள் ஒன்றுசேரவே இல்லை. இதோடு இன்னொன்றும் உண்டு: இங்கிலாந்தில் இருந்த காலம் முழுக்க அவள் எந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படவில்லை. தினமும் காலையில் முகத்தைப் பார்த்து, ‘என்னம்மா, நேற்று ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஒரு டீச்சர்கூட அவளுக்கு இல்லை.

அதனால்தான் வருகைப் பதிவேட்டை நான் பாதுகாப்பு ஆவணமாகவே பார்க்கிறேன். பெயரை நீக்கிவிட்டு, ‘குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது’ என்று எழுதி மூடுவது எந்தப் பள்ளிக்கும் சுலபம். எந்த ஊர், எந்தப் பள்ளி, அங்கே குழந்தை போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதிசெய்யும்வரை எங்கள் பள்ளிகளில் பெயரை எடுப்பதில்லை. குழந்தை வேறு பள்ளிக்கு மாறினால் கோப்பும் கூடவே போக வேண்டும். இங்கிலாந்தின் பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டுதல், ஆண்டின் நடுவில் மாறும் மாணவரின் பாதுகாப்புக் கோப்பு ஐந்து நாளுக்குள் புதிய பள்ளிக்குப் போய்விட வேண்டும் என்கிறது. மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துக் கட்டாமல், தனியாக, கையெழுத்து வாங்கிக்கொண்டு. ஒரே நிர்வாகத்துக்குள் மாறும் குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். ‘நம்ம ஸ்கூல்தானே’ என்ற நினைப்பில்தான் கோப்பு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. வெளிப் பள்ளிக்குப் போகும் கோப்பைவிட உள்ளுக்குள் நகர வேண்டிய கோப்புதான் அதிகம் தாமதமாகிறது என்பது நான் கண்டது.

தகவலைச் சேர்ப்பது என்றால் எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்று பொருளில்லை. குழந்தையின் வீட்டுக் கதை ஆசிரியர் ஓய்வறையில் பேச்சாக மாறினால், அந்தக் குழந்தை அதன்பிறகு வாயே திறக்காது. கணக்கு ஆசிரியருக்கு ‘இந்த வாரம் இவனை வீட்டுப்பாடத்துக்காக நிற்கவைக்காதீர்கள்’ என்பது தெரிந்தால் போதும். ஏன் என்பது தெரிய வேண்டியவர்கள் ஓரிருவர்தான்.

சரி, முதலில் சொன்ன அந்த இரண்டாவது பாதிக்கு, மறைப்பதற்கு வருவோம்.

ஓர் ஆசிரியரைப் பற்றியோ பணியாளரைப் பற்றியோ புகார் வருகிறது. ஒற்றைப் பள்ளியாக இருந்தால் நிர்வாகத்துக்கு இரண்டே வழி: நடவடிக்கை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரை அங்கேயே வைத்துக்கொண்டு தினமும் முகம் பார்க்க வேண்டும். பல பள்ளி இருந்தால் மூன்றாவதாக ஒரு வழி கிடைத்துவிடுகிறது. இடமாற்றம். ‘பிரச்சினை அடங்கட்டும், கொஞ்ச நாள் அந்தப் பள்ளியில் இருக்கட்டும்.’ இதைச் சொல்பவர்கள் வில்லன்கள் இல்லை. நிறுவனத்தின் பெயர், அந்த மனிதரின் பிழைப்பு, பெற்றோர்களின் கோபம் எல்லாவற்றையும் எண்ணி நல்லதுதான் செய்கிறோம் என்று நம்புபவர்கள். புதிய பள்ளியில் இருக்கும் குழந்தைகள் மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையம், நிறுவனங்களில் குழந்தைகள்மீது நடந்த பாலியல் கொடுமைகளை விசாரித்தது. 17 தொகுதிகளாக வந்த அதன் இறுதி அறிக்கையில் திரும்பத் திரும்ப வருவது இந்த இடமாற்றக் கதைதான். புகாருக்கு உள்ளானவர்கள் வேறு பள்ளிக்கு, வேறு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். போன இடத்தில் யாருக்கும் எதுவும் சொல்லப்படவில்லை. அந்தக் கமிஷனிடம் பேசிய பாதிக்கப்பட்டவர்கள், நடந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்வதற்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டு வயதில் நடந்ததை முப்பதைத் தாண்டிச் சொல்கிறார்கள். அதற்குள் எத்தனை இடமாற்றம் நடந்திருக்கும்!

அமெரிக்காவில் 2015இல் நிறைவேறிய பள்ளிக் கல்விச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். மாணவரிடமோ சிறுவரிடமோ பாலியல் குற்றம் செய்ததாகத் தெரிந்தும், அல்லது அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தும், ஒருவருக்கு வேறு பள்ளியில் வேலை கிடைக்க யாரும் உதவக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. வெறும் நன்னடத்தைக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் அவ்வளவு பரவலாக இருந்தால்தானே தடுக்கச் சட்டம் தேவைப்படும்.

இங்கிலாந்தின் சோஹம் ஊரில் 2002 ஆகஸ்டில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் அங்குள்ள மேல்நிலைப் பள்ளியில் பராமரிப்புப் பணியாளர். சிறுமிகள் படித்தது அந்தப் பள்ளியில் இல்லை. அவர்கள் படித்த பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் அந்தப் பணியாளரின் காதலி வகுப்பு உதவியாளராக இருந்தார், அந்தப் பழக்கத்தில்தான் சிறுமிகள் நம்பி வீட்டுக்குள் போனார்கள். இதைப் பற்றி நடந்த பிச்சர்ட் விசாரணையின் அறிக்கை 2004இல் வந்தபோது, வேறொரு வட்டாரக் காவல்துறையிடம் கொன்றவரைப் பற்றிப் பல பாலியல் புகார்கள் வந்திருந்தது தெரிந்தது. எதுவும் தண்டனையில் முடியவில்லை, விவரங்களும் ஒழுங்காகச் சேமிக்கப்படவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது அவர் வேறு பெயரும் பயன்படுத்தியிருந்தார். காவல்துறை அந்தப் பெயரை மட்டும் சரிபார்த்துவிட்டு, பழைய பெயரைப் பார்க்காமல் விட்டிருந்தது. ஒரு பள்ளியின் ஆள் தேர்வில் விழுந்த ஓட்டை, இன்னொரு பள்ளியின் குழந்தைகளைத் தொட்டது. எங்களைப் போன்ற கூட்டுப் பள்ளிகளில் இது இன்னும் சுலபம். ஒரே வேன் டிரைவர் மூன்று பள்ளிக்குப் போவார், விளையாட்டுப் பயிற்சியாளர் எல்லாப் பள்ளிக்கும் பொது, ஆண்டு விழாவுக்கு ஒரே நடன மாஸ்டர். இவர்களை எந்தப் பள்ளி சரிபார்த்தது என்று கேட்டால், ஒவ்வொரு பள்ளியும் இன்னொரு பள்ளியைக் கைகாட்டும்.

அதனால் எங்களிடம் ஓர் ஏற்பாடு. பணியாளர்மீது குழந்தை சம்பந்தப்பட்ட புகார் நிலுவையில் இருக்கும்வரை இடமாற்றம் கிடையாது. சிறு சங்கடங்களையும் தனியாக எழுதிவைக்கிறோம்: மாணவிக்குத் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார், கதவை மூடிக்கொண்டு தனி வகுப்பு எடுத்தார் என்பது போன்றவை. ஒன்று வந்தால் அறிவுரை சொல்லி விடலாம். இரண்டு வேறு பள்ளிகளிலிருந்து ஒரே ஆளைப் பற்றி அதே மாதிரிக் குறிப்பு வந்தால் விஷயம் வேறு. பல பள்ளிகளை ஒன்றாக நடத்துவதில் குழந்தைகளுக்கு உண்மையிலேயே ஒரு லாபம் உண்டு என்றால், எனக்குத் தெரிந்து அது இந்த இடத்தில்தான்.

குழந்தை சொல்வதைக் கேட்பதற்கு வருகிறேன். 1983இல் அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை அதை ரகசியமாக வைத்திருக்கும், கையறுநிலையில் சிக்கி அதற்கே பழகிப்போகும், தாமதமாக, நம்பமுடியாத மாதிரிச் சொல்லும், கடைசியில் ‘நான் சொன்னது பொய்’ என்று பின்வாங்கவும் செய்யும் என்று எழுதினார். எல்லாக் குழந்தையும் இந்த வரிசையில் போகும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பின்வாங்கிவிட்டது என்பதற்காகக் கோப்பை மூடிவிடவும் கூடாது. வீட்டில் யார் பேசிய பிறகு பின்வாங்கியது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. கலிஃபோர்னியாவில் மெக்மார்ட்டின் என்ற மழலையர் பள்ளி வழக்கு 1983இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம், பதிலை வாயில் திணிப்பதுபோல் கேள்வி கேட்டார்கள். 1990இல் எந்தத் தண்டனையும் இல்லாமல் வழக்கு முடிந்தது. குழந்தைகளுக்கு உண்மையில் என்ன நடந்தது, நடக்கவில்லை என்பதை அதன்பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. எனவே ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: துப்பறிய வேண்டாம். ‘அவர் உன்னை இங்கே தொட்டாரா?’ என்று கேட்காதீர்கள். ‘என்ன நடந்ததுன்னு சொல்லு’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். குழந்தை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், உங்கள் மொழியில் நாகரிகமாக மாற்றாதீர்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள், ஏனென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

யாரிடம் சொல்வது என்பதில்தான் கூட்டுப் பள்ளிகள் பெரிதும் சறுக்குகின்றன. வகுப்பாசிரியர் தலைமை ஆசிரியரிடம் சொல்வார், அவர் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுவார், அங்கே வக்கீலைக் கேட்க வேண்டும் என்பார்கள், வக்கீல் ஊரில் இருக்கமாட்டார். அதற்குள் சாயங்காலமாகி, குழந்தை அதே வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க இந்தியாவில் 2012இல் வந்த போக்சோ சட்டத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் காவல்துறையிடம் சொல்ல வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குப் போட முடியாது. ‘முதலில் உள் விசாரணை நடத்தி உறுதிசெய்துகொள்வோம்’ என்று சட்டத்தில் எங்கும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் வழிகாட்டுதலும், பொறுப்பு அலுவலர் கிடைக்காவிட்டால் பள்ளியில் யார் வேண்டுமானாலும் நேரடியாகத் தகவல் கொடுக்கலாம் என்கிறது.

ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென்று ஒருவர் இருக்க வேண்டும், விடுப்பில் போனால் அவருக்குப் பதில் இன்னொருவர். யாரையும் கேட்காமல் தொலைபேசியை எடுக்கும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு அப்புறம் தெரிவித்தால் போதும். அனுமதி கொடுப்பது என் வேலை இல்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலை குறைந்த இளைய ஆசிரியர் ஒருவர் தலையில் இந்தப் பொறுப்பைக் கட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தாளாளரின் உறவினர்மீது புகார் வந்தால் அவர் என்ன செய்வார், பாவம்?

பாதுகாப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஆதரவு பின்னுக்குப் போய்விடும். தகவல் கொடுத்த மறுநாளும் அந்தக் குழந்தை வகுப்புக்கு வரும். அன்றைக்கு என்ன? இங்கிலாந்தின் பிளிமத் நகரத்தில் 2011இல் ஒரு தலைமை ஆசிரியையும் காவல்துறை அதிகாரியான அவருடைய கணவரும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். இரவில் ஒரு வீட்டில் குடும்ப வன்முறை என்று போலீஸ் போனால், காலையில் மணி அடிப்பதற்குள் அந்தக் குழந்தையின் பள்ளிக்குத் தகவல் வந்துவிடும். ஆபரேஷன் என்கம்பஸ் என்று பெயர். அதன்பிறகு பள்ளி செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. சீருடை அழுக்காக இருப்பதற்குத் திட்டுவதில்லை, பசிக்கிறதா என்று கேட்கிறார்கள், அன்றைய தேர்வைத் தள்ளிவைக்கிறார்கள். எளிமையான யோசனைதான். எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று: அங்கே பெற்றோரிடமிருந்து பிரிந்து அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளுக்குக் கட்டடமே இல்லாத ஒரு ‘மெய்நிகர் பள்ளி’ உண்டு. உள்ளாட்சி ஒவ்வொன்றும் அதற்கு ஒரு தலைமை ஆசிரியரை நியமித்தாக வேண்டும் என்பது 2014இன் சட்டம். குழந்தைகள் பல பள்ளிகளில் சிதறி இருந்தாலும், எல்லோரும் ஒரே பள்ளியில் படிப்பதுபோல் அவர்களின் வருகை, படிப்பு, இடமாற்றம் எல்லாவற்றையும் அவர் கவனிப்பார். அதைப் பார்த்துத்தான் நாங்களும் எல்லாப் பள்ளியிலும் உள்ள அப்படிப்பட்ட குழந்தைகளை ஒரே பட்டியலாக்கினோம்: பெற்றோரை இழந்தவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், பேச்சில் சிரமம் உள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைகள். கடைசியாகச் சொன்னவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நடந்ததைச் சொல்ல அவர்களுக்கு வார்த்தை இல்லை. நடத்தை மாறினால் ‘அவன் அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

பயிற்சி வகுப்புகளுக்கு ஆசிரியர்களோடு ஆயாம்மா, வேன் டிரைவர், காவலாளி, சமையல்காரர் எல்லோரையும் கூப்பிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். சின்னக் குழந்தையின் உடம்பில் காயத்தை முதலில் பார்ப்பவர் ஆயாம்மாதான். எந்த வீட்டு வாசலில் குழந்தை வேனைவிட்டு இறங்க மறுக்கிறது என்பது டிரைவருக்குத்தான் தெரியும். இவர்களுக்கு எழுதத் தயக்கம் என்றால் வாயால் சொல்லட்டும், எழுதிக்கொள்வது எங்கள் பாடு.

ஆண்டு முடிவில் ஒவ்வொரு பள்ளியும் எத்தனை புகார்கள் வந்தன என்று நிர்வாகக் குழுவுக்குக் கணக்குக் கொடுக்கும். நிறையப் புகார் வந்த பள்ளியின் தலைமை ஆசிரியர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். ஒன்றுகூட இல்லை என்று சொல்லும் பள்ளிக்குப் பாராட்டு கிடைக்கும். எல்லோரும் தேநீருக்கு எழுந்து போனதும், ஒன்றுமில்லை என்று சொன்ன அந்தத் தலைமை ஆசிரியரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடுத்த வாரம் உங்கள் பள்ளிக்கு வருகிறேன் என்று தேதி கேட்பேன். உங்கள் அறையில் வேண்டாம், ஆயாம்மாக்களோடும் டிரைவர்களோடும் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள் என்றும் சொல்லிவைப்பேன்.